புள்ளிக் கணக்கு

காரைக்குடியில் காலில் சக்கரம் கட்டிக்கொண்ட பிள்ளைகள் பலர்; சக்கரத்தோடு கையில் மட்டையும் பிடித்தவர்கள் மிகச் சிலர். ஸ்கேட்டிங் கற்கத் தொடங்கும் ஒரு குழந்தை ரோலர் ஹாக்கி ஆடுகிற குழந்தையாக மாறுவதற்குள் என்னென்ன நிகழ்கின்றன என்பதை நாங்கள் சில ஆண்டுகளாக மாலைதோறும் அருகிருந்து பார்த்துவருகிறோம். நாங்கள் என்றால், ஊரின் ஒரு சிமெண்டுத் தளத்தின் ஓரத்தில் பிள்ளைகளின் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பெற்றோர் சிலர். காத்திருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. ஆகவே பார்வை மெல்ல மெல்லக் கூர்மையடைகிறது. இவ்வாண்டு அந்த ஆட்டம் எங்கள் தளத்தில் நின்றுபோகும் நிலை வந்திருப்பதே இதை எழுத நேர்ந்ததற்கான உடனடிக் காரணம்.

ஹாக்கி என்றதும் நம் நினைவில் எழுவது தரையில் ஓடி ஆடும் ஹாக்கி. 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வென்றதும், 1980ல் மாஸ்கோவில் சென்னையைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் வென்றதும் அதில்தான். கரிசல் மண்ணில் கோவில்பட்டி தலைமுறைகளாக ஆடிவருவதும் அதையே. நாங்கள் சொல்ல வருவது அதன் ஒன்றுவிட்ட தம்பியைப் பற்றி. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட வழவழப்பான தளம், வளைந்த மூலைகள், சுற்றிலும் இடுப்பளவுத் தடுப்பு, அணிக்கு ஐந்து பேர், அவர்களில் ஒருவர் கோல்கீப்பர், 155 கிராம் எடையுள்ள கெட்டிப் பந்து. தரை ஹாக்கியில் மட்டையின் ஒரு முகத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். இதில் இரு முகத்தாலும் தொடலாம். முன்னிரண்டு பின்னிரண்டாகச் சக்கரங்கள் அமைந்த ஸ்கேட்டில் ஆடுவது ரோலர் ஹாக்கி. நான்கு சக்கரமும் ஒரே வரிசையில் அமைந்த ஸ்கேட்டில் ஆடுவது இன்லைன் ஹாக்கி. அதில் பந்துக்குப் பதில் ‘பக்’ எனப்படும் தட்டையான வட்டு. எங்கள் தளத்துக்குத் தடுப்பு கிடையாது. பழைய பெஞ்சுகளைப் பக்கவாட்டில் சாய்த்துப்போட்டுத் தடுப்பாக்கிக்கொள்கிறோம்.

இந்தச் சக்கரக் காலணியின் வரலாற்றில் ஒரு கதை வழங்குகிறது. 1760களில் லண்டனில் வாழ்ந்த ஜான் ஜோசப் மெர்லின் என்னும் கருவி செய்வோர், தாமே வடித்த சக்கரக் காலணியோடு, வயலின் வாசித்தபடி ஒரு விருந்து மண்டபத்துக்குள் நுழைந்தாராம். நிற்கவும் தெரியவில்லை, திரும்பவும் தெரியவில்லை. விலையுயர்ந்த பெரிய கண்ணாடியொன்றில் போய் மோதி, கண்ணாடியையும் வயலினையும் உடைத்துத் தாமும் காயமுற்றார். அதற்குப் பின் ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1863ல், நியூயார்க்கின் ஜேம்ஸ் பிளிம்ப்டன் சக்கர அச்சுக்கு மேல் ரப்பர்த் துண்டைப் பொருத்தினார். உடலை ஒரு பக்கம் சாய்த்தால் அச்சும் அப்பக்கம் திரும்பியது. காலால் திருப்ப முடியாததை உடலின் சாய்வு திருப்பிவிட்டது. இன்று எங்கள் பிள்ளைகள் அணியும் நாற்சக்கர ஸ்கேட் பிளிம்ப்டனின் வழிவந்தது. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் மெர்லினாகவே தொடங்குகிறது. ஓடத் தெரியும், நிற்கத் தெரியாது.

தொல்காப்பியம் எழுத்து, சொல், பொருள் என மூன்று அதிகாரங்களாக அமைந்தது. தமிழ் பயிற்றுவிப்போருக்கு எதைப் பார்த்தாலும் இந்த மூன்றாகப் பகுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது. ஸ்கேட்டிங்கிலிருந்து ஹாக்கிக்குப் போகும் வழியையும் இப்படிப் பகுத்தால் சில விஷயங்கள் தெளிவாகின்றன.

எழுத்து என்பது நிற்பதும் விழுவதும். பயிற்சியாளர் முதலில் கற்றுக்கொடுப்பது விழுவதற்கு. முழங்காலிலும் முழங்கையிலும் மணிக்கட்டிலும் காப்புகளும், தலையில் ஹெல்மெட்டும் அணிவித்துவிட்டு, புல்தரையிலேயே விழச் சொல்கிறார். பின்னால் சாயக் கூடாது. முன்பக்கமாக முழங்கால் காப்பின் மேல் விழ வேண்டும். விரல்களை மடக்கிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறிவிடும். எழுவதற்கும் ஒரு முறை உண்டு: ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலை முன்வைத்து, அந்த முழங்காலின் மேல் இரு கைகளையும் வைத்து எழுதல். இவை வந்த பிறகே தளத்தில் இறக்குகிறார்கள்.

தளத்தில் முதற்பாடம் முழங்காலை மடக்குவது. கண்ணுக்குத் தெரியாத முக்காலியொன்றில் பாதி உட்கார்ந்ததுபோல் நிற்க வேண்டும். பயந்த குழந்தை விறைத்து நிமிர்கிறது. நிமிர்ந்தால் எடை குதிகாலுக்குப் போகிறது. எடை குதிகாலுக்குப் போனால் சக்கரம் முன்னால் ஓடிவிடுகிறது. அச்சம் எப்படி உடலை வீழ்த்துகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் காட்சி வேறில்லை. அடுத்து, குதிகால்களைச் சேர்த்து விரல்களை விரித்து வாத்துபோல் நடப்பது. நடை மெல்ல நீண்டு வழுக்கலாக மாறுகிறது. பிறகு இரு பாதங்களையும் விரித்துச் சேர்த்து, விரித்துச் சேர்த்து, தரையில் மீன் வடிவம் வரைந்துகொண்டே போவது. பிறகு ஒற்றைக் காலில் வழுக்குவது. இவ்வரிசையின் முடிவில் நிற்பது வருகிறது: பாதங்களை உள்நோக்கித் திருப்பித் தேய்த்து நிற்பது, பின்காலை முன்காலுக்குக் குறுக்கே இழுத்து நிற்பது, ஸ்கேட்டின் முனையிலுள்ள ரப்பரை ஊன்றி நிற்பது. வாரம் மூன்று மாலை வரும் குழந்தைக்கு, எங்கள் கண்ணில் பட்ட அளவில், இதற்கே ஆறு மாதம் ஆகிறது. ஓடத் தொடங்க ஒரு வாரம் போதும். எஞ்சிய காலமெல்லாம் நிற்பதற்கான படிப்புதான்.

செட்டிநாட்டு வீடுகள் இந்த எழுத்துப் பயிற்சிக்கு வாகானவை என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றிக் கையால் செய்யப்படும் ஆத்தங்குடிக் கல், மிதிக்க மிதிக்க மெருகேறுவது. பட்டாலையின் பர்மாத் தேக்குத் தூண்கள், நிற்கத் தெரியாத பிள்ளை ஓடிப்போய்க் கட்டிக்கொள்வதற்கென்றே இடைவெளி விட்டு நட்டவை போலத் தோன்றும். எங்கள் பிள்ளைகளில் இருவர் அப்படித் தூண் தூணாகத் தாவி நிற்கப் பழகியவர்கள். ஆனால் வீட்டுத் தரை தருவதை ஊர் மண் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஜோடி ஸ்கேட்டில் எட்டுச் சக்கரம். சக்கரத்துக்கு இரண்டாகப் பதினாறு பேரிங். இங்குள்ள செம்மண் தூசு மாவுபோல் நுண்மையானது. பேரிங்குக்குள் புகுந்து குண்டுகளைப் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை பதினாறையும் கழற்றி, பெட்ரோலில் அலசி, காயவைத்து, எண்ணெய் விட்டு மாட்ட வேண்டும். பந்தயத்துக்கோ ஆட்டத்துக்கோ போவதற்கு முன்பே, பிள்ளைகள் தம் பொருளைத் தாமே பேணும் பழக்கத்துக்கு இந்தத் தூசு அவர்களைக் கொண்டுவந்துவிடுகிறது.

சொல் என்பது திருப்பம். வளைவில் வெளிக்காலை உள்காலின் மேலாகக் கடத்தி வைத்து வேகம் குன்றாமல் திரும்புவதற்கு ‘கிராஸ்ஓவர்’ என்று பெயர். அதைக் கற்றதும் பிள்ளைகளுக்குச் சிறகு முளைத்ததுபோல் ஆகிவிடுகிறது. பெரும்பாலோர் பந்தயத்துக்குத் திரும்புவதும் இந்தக் கட்டத்தில்தான். இங்கே எங்களுக்கு நெடுநாள் புரியாமலிருந்த ஒன்று உண்டு. பந்தயத்தில் பதக்கம் வாங்கிய பிள்ளைகள் ஹாக்கிக்கு வந்ததும் ஏன் தடுமாறினார்கள்? ஒருநாள் பயிற்சியாளர் அவர்களை எதிர்த்திசையில் ஓடச் சொன்னார். விடை கண்ணெதிரே கிடந்தது. ஸ்கேட்டிங் பந்தயங்கள் இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் ஓடப்படுபவை. இரண்டாண்டு, மூன்றாண்டு இடப்பக்கமே திரும்பிப் பழகிய கால்களுக்கு வலப்பக்கம் என்றொரு திசை இருப்பதே தெரியவில்லை. வேகத்தில் அம்பு, வலப்புறம் திரும்பச் சொன்னால் மீண்டும் வாத்து.

ஹாக்கியில் பந்து எந்தத் திசையையும் மதிப்பதில்லை. ஆகவே இரு பக்கமும் திரும்பவும், பின்னோக்கி ஓடவும், முன்னோட்டத்திலிருந்து நிற்காமலே பின்னோட்டத்துக்கு மாறவும் கற்க வேண்டியிருக்கிறது. தற்காப்பு ஆட்டக்காரருக்குப் பின்னோட்டம் இன்றியமையாதது. எதிராளியின் முகத்தையும் பந்தையும் பார்த்தபடியே தன் கோலை நோக்கிப் பின்வாங்க வேண்டும். பதக்கம் வென்ற பிள்ளைகள் இந்த இடத்தில் மறுபடி முதல் வகுப்பில் உட்கார நேர்கிறது. அது அவர்களுக்குக் கசக்கிறது, எங்களுக்கும் கசந்தது. சிலர் இங்கேயே விலகிவிட்டார்கள்.

பொருள் என்பது ஆட்டம். மட்டை கைக்கு வந்த முதல் நாள் எல்லாப் பிள்ளைகளும் அதை ஊன்றுகோலாக்கிக்கொள்கிறார்கள். அதனாலேயே பயிற்சியாளர் ஸ்கேட்டைக் கழற்றச் சொல்லிவிடுகிறார். சில வாரங்கள் கான்வாஸ் ஷூவோடு நின்றபடி பந்தை இடமும் வலமும் தட்டுதல். பெஞ்சில் அடித்துத் திரும்பி வரும் பந்தை மட்டையின் இரு முகத்தாலும் ஏற்று நிறுத்துதல். பிறகு ஸ்கேட் அணிந்து, நின்ற இடத்திலேயே அதைச் செய்தல். பிறகு மெல்ல நகர்ந்தபடி. கடைசியில் அவர் சொல்லும் ஒரே சொல், “தலை.” கீழே பார்க்காதே என்று பொருள். அவர் மூன்று விரலையோ நான்கு விரலையோ உயர்த்திக் காட்டுவார். பந்தைத் தட்டிக்கொண்டே எத்தனை விரல் என்று உரக்கச் சொல்ல வேண்டும். கால் தானாக ஓட வேண்டும், கை தானாகத் தட்ட வேண்டும், கண் மட்டும் விடுதலை பெற வேண்டும்.

பேத்தியை அழைத்துப்போக வரும் அப்பத்தா ஒருவர் ஒருநாள் இதைப் பார்த்துப் பதறிப்போனார். “ஏன் ஆத்தா, காலைப் பாத்து ஓடாம எங்கயோ பாத்துக்கிட்டு ஓடுறியே, விழுந்து வைக்கப் போறே.” பேத்தி மூச்சு வாங்கியபடி சொன்னாள்: “காலைப் பாத்தா ஆளைப் பாக்க முடியாது அப்பத்தா.”

ஸ்கேட்டிங்கிலிருந்து ஹாக்கிக்கான பயணத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது என்று எங்களுக்குப் பட்டது. ஸ்கேட்டிங்கோடு மட்டையைக் கூட்டினால் ஹாக்கி வந்துவிடுவதில்லை. கற்ற ஸ்கேட்டிங் முழுவதையும் மறந்துவிடுகிற அளவுக்கு அது உடலில் ஊறிப்போக வேண்டும். அப்படி ஊறிய பிறகு மிஞ்சுகிற கவனத்தைக் கொண்டுபோய் இன்னொருவர்மேல் வைக்க வேண்டும். எழுத்துக்கூட்டி வாசிக்கிற வரையில் எழுத்துதான் தெரியும். எழுத்து மறைகிறபோதுதான் கதை தெரியும்.

பொருளதிகாரம் தொடங்கியதும் பிள்ளைகளின் வரிசை மாறிவிட்டது. முதலில் பந்து எங்கோ அங்கே அத்தனை பேரும் ஈயாய் மொய்த்தார்கள். பயிற்சியாளர் தளத்தைக் குறுக்கே பாதியாக்கி, பக்கத்துக்கு இருவர் எனச் சிறிய ஆட்டமாக ஆடவிட்டார். அடுத்து மூவர், மூவரும் பந்தைத் தொட்ட பிறகு அடிக்கும் கோல் மட்டுமே செல்லும் என்றொரு விதி. அதன்பின் மொய்ப்பது குறைந்தது. பந்து இல்லாத ஆளும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறார் என்பது பிடிபட்டது. பந்தயங்களில் எப்போதும் கடைசிக்கு முந்தி வருகிற ஒரு பையன் எங்களோடு இருந்தான். பருமன், வேகம் வராது, போன ஆண்டே நின்றுவிடலாமா என்று அவன் வீட்டில் பேச்சு. அவனுக்குக் கால் காப்புகளைக் கட்டிக் கோல்கீப்பராக உட்கார வைத்தார்கள். 170 செண்டிமீட்டர் அகலமும் 105 செண்டிமீட்டர் உயரமும் கொண்டது ரோலர் ஹாக்கியின் கோல். அதன் முன் அவன் குந்தி அமர்ந்தால் பாதி கோல் காணாமல் போயிற்று. வேகம் இல்லாதவனிடம் பந்து எங்கே வரும் என்ற முன்னுணர்வு இருந்தது. பந்தயத்தில் அதை அளக்க எந்தக் கடிகாரமும் இல்லை. அவனுடைய அப்பா அன்றைக்கு முதன்முறையாகக் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் பார்த்தார்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை ஆண்கள் இளையோர் ஹாக்கி உலகக்கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. முதன்முறையாக 24 நாடுகள் பங்கேற்ற தொடர் அது. காரைக்குடியிலிருந்து மதுரை இரண்டு மணி நேர வழியாதலால் ஒருநாள் ஒரு வேன் அமர்த்திப் பிள்ளைகளை அழைத்துப்போனோம். சக்கரம் இல்லாமல் ஆடுகிறார்களே என்ற ஏமாற்றம் முதல் கால் மணி நேரத்துக்கு இருந்தது. பிறகு அவர்கள் பார்த்த விதம் எங்களுக்கு வியப்பளித்தது. நாங்கள் பந்தையே துரத்திக்கொண்டிருக்க, அவர்கள் பந்து இல்லாத பக்கத்தைக் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். “அந்த அண்ணன் காலியா நிக்கிறாரு, இப்ப அங்கதான் போகும்.” பல வேளைகளில் பந்து அங்கேதான் போயிற்று. அந்தப் போட்டியில் இந்தியாவுக்கு வெண்கலம் கிடைத்தது. எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஆட்டத்தை வாசிக்கும் கண்.

பந்தயத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் எண்ணிவிடக் கூடாது. தமிழ்நாட்டின் ஸ்கேட்டிங் பெருமைகள் பந்தயத்தின் வழியே வந்தவை. சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025 ஆகஸ்டில் சீனத்தின் செங்டுவில் நடந்த உலக விளையாட்டுப் போட்டியில் 1000 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் பெற்றார். அடுத்த மாதமே பெய்தாய்ஹேயில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் வாகையர் போட்டியில் அதே தூரத்தில் தங்கம் வென்றார். இந்தியர் ஒருவர் அப்படி வெல்வது அதுவே முதன்முறை. அதற்கு முன், 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் பெற்றன. ஆண்கள் அணியில் ஆனந்த்குமாரும், பெண்கள் அணியில் தமிழ்நாட்டின் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரிராஜ் ஆகியோரும் இருந்தார்கள். தொடரோட்டத்தில் ஒருவர் சுற்று முடிந்ததும் அடுத்தவரை முதுகுப்புறமாகத் தள்ளிவிட்டு அனுப்புவார். தம் வேகத்தை அவர் உடலுக்குள் கைமாற்றி விடுவது அது. பந்தயத்துக்குள்ளேயே ஆட்டம் ஒளிந்திருக்கும் இடம் என்று எங்களுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆனாலும் பந்தயத்துக்கும் ஆட்டத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஒரே ஒரு பிள்ளை எஞ்சினாலும் பந்தயப் பயிற்சி நடக்கும். எதிரே ஒரு கடிகாரம் போதும். ஹாக்கிக்குப் பத்துப் பேர் வேண்டும். நான்கு பேர் விலகினால் நான்கு பேர் குறைவது மட்டுமல்ல, மிச்சமிருக்கும் ஆறு பேரின் ஆட்டமும் இல்லாமல் போகிறது. சிற்றூர்களில் ஸ்கேட்டிங் தழைத்து ஹாக்கி தழைக்காமல் போவதற்குச் செலவையும் தளத்தையும் காரணம் சொல்வார்கள். அவை உண்மையே. ஆனால் எங்கள் அனுபவத்தில் முதற்காரணம் இந்தக் கணக்குத்தான்.

எங்களிடம் ஒரு கட்டத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு ஏறியதும் இருவர் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் போனார்கள். ஒரு பெண் பெரியவளானதும் வீட்டில் நிறுத்திவிட்டார்கள்; அவள் அம்மாவுக்கு மனமில்லை, ஆனால் முடிவு அவரிடம் இல்லை. ஒரு குடும்பம் கோயம்புத்தூருக்கு மாறிப்போயிற்று. இன்னொருவன் தான் வாங்க வேண்டிய பதக்கங்கள் வேறிடத்தில் இருப்பதாகக் கருதிப் பந்தயத்துக்கே திரும்பினான். ஆக ஏழு. இந்த ஏழு பேரையும் பந்தயத்தோடு சேர்த்துவிடலாம் என்ற யோசனை எங்களுக்குள் எழுந்தது. சான்றிதழ் வரும், படம் செய்தித்தாளில் வரும், கணக்கும் எளிது. மறுத்துச் சொல்ல எங்களிடம் வலுவான வாதமும் இருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் லடாக் பெண்களைப் பற்றி எங்களுள் சிலர் தேடிப் படித்தோம். அவர்களுடையது பனிக்கட்டி மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை குளங்கள் உறைகின்றன. அந்த இரண்டு மாதம்தான் அவர்களுக்குப் பருவம். தொடக்க காலத்தில் ராணுவக் காலணிகளின் அடியில் இரும்புத் தகட்டைப் பொருத்திச் சறுக்கியவர்கள் அவர்கள். ஆண்கள் ஆடி முடித்த பின்பே பெண்களுக்குத் தளம் கிடைத்தது. 2016ல் இந்தியப் பெண்கள் அணி பொதுமக்களிடம் நிதி திரட்டித் தைபேயில் நடந்த ஆசியப் போட்டிக்குப் போனது, வெற்றி கிட்டவில்லை. 2017ல் பாங்காக்கில் பிலிப்பைன்சை 4-3 என்ற கணக்கில் வென்றது. அதுவே முதல் வெற்றி. 2025ல் ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம்.

வெற்றி வரிசையைவிட எங்களை நிறுத்திய செய்தி வேறு. 2015ல் அப்பெண்கள் லடாக் பெண்கள் ஐஸ் ஹாக்கி அறக்கட்டளை என்றொன்றைத் தொடங்கி, குளிர்காலத்தில் கிராமம் கிராமமாகப் போய்ச் சிறுமிகளுக்குச் சறுக்கவும் ஆடவும் கற்றுக்கொடுத்தார்கள். தாங்களே போதிய பயிற்சி பெறாத காலத்தில் அடுத்தவருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆள் இல்லாமல் ஆட்டம் இல்லை என்பதை அவர்கள் எங்களைவிட முன்பே உணர்ந்திருக்க வேண்டும். அவ்வணியின் கோல்கீப்பராக விளங்கிய நூர் ஜஹான், பழைய சுவரோவியங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் கலையைத் தொழிலாகக் கொண்டவர். பழையதைக் காப்பதும் கோலைக் காப்பதும் ஒருவரிடமே அமைந்திருப்பதைப் படித்தபோது, பூட்டிய வீடுகள் நிறைந்த ஊரில் வாழும் எங்களுக்கு என்னவோ செய்தது.

செட்டிநாட்டில் ‘புள்ளி’ என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. மற்ற ஊர்களில் புள்ளி என்றால் மதிப்பெண்; விளையாட்டில் என்றால் ஈட்டுவது. நகரத்தார் வழக்கில் புள்ளி என்பது மணமான ஒருவரைத் தலைவராகக் கொண்ட குடும்பம். இளையாற்றங்குடி, மாத்தூர் முதலாக ஒன்பது நகரக் கோயில்களிலும் புள்ளிக் கணக்கு வைத்திருப்பார்கள். புள்ளி வரி வாங்குவார்கள். செல்வர் என்றும் எளியவர் என்றும் அதில் பேதம் கிடையாது. ஒரு புள்ளி ஒரு புள்ளிதான். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போய் ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்பாதவருக்கும் அந்த ஏட்டில் இடம் இருந்தது. அவ்வேட்டில் பார்க்கப்படுவது ஆள் இருக்கிறாரா என்பது மட்டுமே; எவ்வளவு வென்றார் என்பதற்கு அங்கே பத்தி கிடையாது.

பந்தயத்தில் புள்ளி ஈட்டப்படுகிறது. ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு புள்ளியாக இருக்கிறார்கள். பருமனான பையனும் அங்கே ஒரு முழுப் புள்ளி. இதைக் கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது முதலில் சிரிப்பு எழுந்தது. பிறகு பேச்சின் திசை மாறியது. ஏழு பேரை எங்கே சேர்ப்பது என்பதை விட்டுவிட்டு, மூன்று பேரை எங்கிருந்து சேர்ப்பது என்று பேசத் தொடங்கினோம்.

இப்போதைக்குச் செய்திருப்பவை எளியவை. பிள்ளைகளின் கால் வளர்ந்துவிட்டதால் பரண் ஏறிய ஸ்கேட்டுகள் பதினொரு ஜோடி தேறின; பேரிங்குகளை அலசி எண்ணெயிட்டு, அளவு எழுதிய அட்டை கட்டி வைத்திருக்கிறோம். கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கங்களில் ஸ்கேட்டையே தொட்டிராத பிள்ளைகளை, ஞாயிறு காலை ஷூவோடு மட்டையும் பந்துமாக ஆடவரச் சொல்லியிருக்கிறோம். முதலில் பொருளைக் காட்டிவிட்டுப் பிறகு எழுத்தைக் கற்பிப்பது இலக்கண வரிசைக்கு மாறானதுதான். ஆனால் கதை கேட்டு வளர்ந்த குழந்தைதான் எழுத்துக் கற்க ஆசைப்படுகிறது. நம் வீடுகளில் அப்பத்தாக்களும் ஆயாக்களும் காலங்காலமாகக் கையாண்ட வரிசை அதுவே. வீட்டில் நிறுத்தப்பட்ட பெண்ணின் அப்பாவிடம் பேச எங்களில் இரு பெண்கள் அடுத்த வாரம் போகிறார்கள். அவர் என்ன சொல்வார் என்று தெரியாது. புதியவர்களுக்கு நிற்கச் சொல்லிக்கொடுக்கும் வேலையை எங்கள் கோல்கீப்பர் ஏற்றிருக்கிறான். அதிகம் விழுந்தவன் அவன்தான் என்பதால் அதற்கு அவனைவிடத் தகுந்தவர் இல்லை.

தளத்தின் ஓரத்தில் ஒரு நோட்டில் பெயர்களை எழுதிவருகிறோம். யார் எத்தனை கோல் என்ற பத்தி அதில் இல்லை. ஏழு பெயர்கள் இருக்கின்றன. இன்னும் மூன்று புள்ளி வேண்டும்.